எங்க வீட்டுப் பையன் போற கோச்சிங்: ஒன்றரை வருஷம் பாத்துட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடுறேன், இடத்தோட பேர நான் போடல. நான் ஒரு ஃபாஸ்டர் அம்மா, அதாவது பெத்தவங்ககூட இருக்க முடியாத பிள்ளைய எங்க வீட்டுல வச்சு வளக்குறவ. இந்தக் கோச்சிங் பாடத்துக்கு இல்ல, இப்படி வளர்ற பிள்ளைங்க பெரியவங்களாகி சொந்தக் கால்ல நிக்கப் பழக்குறது. எங்ககிட்ட வளர்ற பையன் யாருன்னு வெளியில தெரியக்கூடாது, இங்க சிங்கப்பூர்ல சட்டமே அப்படித்தான். இடத்தோட பேரு போட்டா எங்க பக்கத்துல நாலு பேரு "ஓ, அந்தப் பையனா"ன்னு கண்டுபிடிச்சிருவாங்க. வேணுங்கிறவங்க உங்க ஃபாஸ்டரிங் ஏஜென்சி வொர்க்கர்கிட்டயே கேளுங்க, அவங்க அனுப்பினாத்தான் இந்தக் கோச்சிங்குக்கு எடுப்பாங்க, நாமளா போயி நிக்க முடியாது. காசு கிடையாது.

எங்க பையன் பத்து வயசுல வந்தான், இப்ப பதினெட்டரை. வெளியாளுங்க இருந்தா என்ன ஆன்ட்டிம்பான், பசிச்சா அம்மாம்பான். அத நான் கண்டுக்கிறதில்ல.

எதுக்கு இவனுக்கெல்லாம் தனியா கோச்சிங்னு எங்க நாத்தனாரே கேட்டாங்க. அவங்க பையனுக்கு 27 வயசு, இன்னும் அம்மா துவைச்ச சட்டயத்தான் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறான், அவனுக்கு யாரு கோச்சிங் குடுத்தாங்கன்னு. அதேதான் நானும் சொல்றேன், அவனுக்கு வேணாம், ஏன்னா பிடிஓ (அரசாங்கம் கட்டித் தர்ற புது வீடு) கிடைக்கிற வரைக்கும் அம்மா வீட்டுல இருப்பான். இங்க ஃபாஸ்டரிங் ஸ்கீம் 1956லேருந்து இருக்கு, ஆனா அது 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு. கல்யாணம் ஆகாத ஆளு தனியா எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடு வாங்கணும்னா 35 வயசாகணும். நடுவுல பதினேழு வருஷம் எங்க இருக்கிறது? நாங்க போகச் சொல்ல மாட்டோம்னு நூறு தடவ சொல்லியாச்சு, தலைய ஆட்டுவான், நம்ப மாட்டான். எங்களுக்கு முன்னாடியும் யாராவது அவன்கிட்ட இப்படிச் சொல்லித்தானே இருப்பாங்க.

சரி விஷயத்துக்கு வர்றேன். இடம் ஒரு புளோக்குக்குக் கீழ, பக்கத்துல பாலர் பள்ளி, உள்ள போனா ஏர்கான் குளிரு எலும்பு வரைக்கும் போகும், ஸ்வெட்டர் குடுத்து அனுப்புங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ ஒருத்தருக்கு ஒருத்தர் கோச்சிங், அப்பப்ப க்ரூப்பா வொர்க்‌ஷாப். முதல் கோச் ஒரு மலாய்க்காரப் பொண்ணு, முப்பது வயசிருக்கும், தமிழ் தெரியாது, ஆனா "சாப்டியா"ங்கிறத மட்டும் நம்ம ஆளுங்க மாதிரியே கேக்கும். முதல் மூணு தடவையும் அது ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. காப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போயி புரோட்டா வாங்கிக் குடுத்துட்டு அனுப்பிச்சிருச்சு. எனக்கு ஒரே கடுப்பு, என்னடா இது கோச்சிங்கா பசியாறுறதான்னு வீட்டுக்காரர்கிட்ட புலம்பினேன். நாலாவது தடவ போயிட்டு வந்தப்ப அவனாவே "ஐடிஇ முடிச்சிட்டு ஏர்கான் வேலைக்குப் போகலாமா, இல்ல டிப்ளோமா படிக்கலாமா"ன்னு என்கிட்ட கேட்டான் (ஐடிஇ அவன் படிக்கிற தொழிற்கல்விக் கல்லூரி). ஏழு வருஷத்துல அடுத்த வருஷத்தப் பத்தி அவன் வாயத் தொறந்தது அதுதான் முதல் தடவ. அப்புறம் புரோட்டா பத்தி நான் வாயத் தொறக்கல.

நல்லா பண்ணின விஷயம்னா பிஎஸ்இஏ, மேல்படிப்புக்குன்னு பிள்ளைங்க பேர்ல அரசாங்கம் வச்சிருக்குற கணக்கு. உங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல, எனக்குத் தெரியாது. பிள்ளைங்க எடுசேவ்ல (பள்ளிப் படிப்புக்கு அரசாங்கம் போடுற பணம்) செலவழிக்காம மிச்சம் இருக்குற பணம், சிடிஏவுல (சின்னப் பிள்ளையில போட்ட சேமிப்புக் கணக்கு) மிச்சம் இருந்தா அதுவும், பின்னாடி அவங்க பேர்லயே அந்தக் கணக்குக்குப் போயிருமாம், ரெண்டரை பர்சென்ட் வட்டியும் உண்டு. ஐடிஇ, பாலிடெக்னிக் ஃபீஸுக்கு அதுலேருந்து கட்டலாம். 30 வயசு வரைக்கும் இருக்கும், அதுக்கப்புறம் மிச்சம் சிபிஎஃப்புக்கு, நம்ம ஊரு சேமநிதிக்குப் போயிரும். அந்தப் பொண்ணு இவனையே சிங்பாஸ்ல (அரசாங்க ஆன்லைன் லாகின்) போயி பாக்க வச்சிருக்கு. தொகை எவ்வளவுன்னு நான் சொல்லல, பெருசு ஒண்ணும் இல்ல, ஆனா வீட்டுக்கு வந்ததும் என் மூஞ்சிக்கு நேரா போன நீட்டி "என் பேர்ல இருக்கு"ன்னான். ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும் ஒரு தடவ எடுத்துப் பாத்தான்.

அடுத்தது காசு. வாரா வாரம் நான் கைச்செலவுக்குக் குடுக்கிறத நிறுத்திட்டு மாசத்துக்கு மொத்தமா 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குடுங்க, பள்ளியில சாப்பாடு, பஸ், எம்ஆர்டி, போன் பில்லு, முடிவெட்டு எல்லாம் அவன் பாடுன்னு கோச் சொல்லுச்சு. குடுத்தேன். முதல் வாரமே 129 வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கிட்டு வந்து நிக்கிறான். 19ஆம் தேதி காலையில கையில 8 வெள்ளி. எனக்குன்னா மனசு கேக்கல, பர்ஸ்லேருந்து பத்து வெள்ளிய எடுத்து அவன் பையில வைக்கலாம்னு கை போயிருச்சு. அப்ப பாத்து வாட்ஸப்ல கோச்கிட்டேருந்து மெசேஜு, "ஆன்ட்டி, குடுக்காதீங்க, தயவுசெஞ்சு". எப்படித்தான் கண்டுபிடிச்சுதோ! அவன் அதுக்கு முந்தின நாள் ராத்திரி அதுகிட்ட கணக்கக் காமிச்சிருக்கான், என்னப் பத்தி அதுக்கு ஏற்கெனவே தெரியும். மிச்ச பதினோரு நாளும் எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறுன்னு டப்பாவுல கட்டிக்கிட்டுப் போனான், வாரக் கடைசியில எங்கயும் போகல, முடியும் வெட்டல, காட்டுவாசி மாதிரி திரிஞ்சான். ரெண்டாவது மாசம் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சான், "தே-ஓ 1.30"ன்னு (பால் இல்லாத டீ) கூட எழுதியிருந்தான். சப்பாத்து இன்னும் புதுசாத்தான் இருக்கு, மழை பெஞ்சா கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வர்றான்.

அந்தப் பத்து வெள்ளி விஷயத்துல கோச் என்னையும் தனியா கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசுச்சு. நீங்க அவனுக்கு டாக்டர் அப்பாய்ன்ட்மென்ட் போடுறீங்க, டீச்சருக்கு நீங்க போன் பண்றீங்க, அவன் எப்ப கத்துக்குவான்னு. கோவம் வந்துச்சு, என் வயசு என்ன அது வயசு என்னன்னு. ஆனா பொய்யில்லையே. ஐடிஇல அட்டென்டன்ஸ் குறைஞ்சப்ப லெக்சரருக்கு அவனையே போன் பண்ண வச்சிருக்கு, என்ன பேசணும்னு ஒரு தாள்ல எழுதி, பக்கத்துல உக்காந்துக்கிட்டு. தாள அவன் வீட்டுக்குக் கொண்டாந்திருந்தான், வேர்த்த கையில மசங்கி "குட் ஆஃப்டர்நூன் சார்"ங்கிறது மட்டும்தான் படிக்க முடிஞ்சுது. பேசிட்டான்ல, அது போதும்.

ஒருநாள் உட்லண்ட்ஸ்ல இருக்குற ஒரு அண்ணன் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த அண்ணனும் இதே மாதிரி வளந்து இதே கோச்சிங் முடிச்சவரு, 23 வயசு, வேலைக்குப் போறாரு. எச்டிபி ரூம் வாடகைன்னா ஒப்பந்தம் குறைஞ்சது ஆறு மாசம் இருக்கணும், சமைக்க விடுவாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கணும், டெபாசிட்டுக்கு ரசீது வாங்கணும்னு அவரே சொல்லியிருக்காரு. சம்பளச் சீட்டையும் காமிச்சாராம். 2,000 வெள்ளி சம்பளம், கையில 1,600. எங்க பையன் "400 எங்க போச்சு, ஏமாத்திட்டாங்களா"ன்னு எந்திரிச்சே நின்னுட்டானாம். அது சிபிஎஃப் 20 பர்சென்ட், முதலாளி பக்கத்துலேருந்து அதுக்கு மேல 17 பர்சென்ட், அதாவது 340 வெள்ளி போடுறாங்கன்னு அந்த அண்ணன் விளக்கினாரு. நான் இதே சிபிஎஃப்ப பத்து தடவ சொல்லியிருக்கேன், காதுல ஏறல. தன்ன மாதிரியே வந்தவன் ஒருத்தன் சொன்னா ஏறுது. இந்தக் கோச்சிங்குல ஒண்ணே ஒண்ணத்தான் வச்சிக்கணும்னா நான் இதத்தான் வைப்பேன்.

இப்ப குறைக்கு வர்றேன்.

அந்த க்ரூப் வொர்க்‌ஷாப், சுத்த வேஸ்ட். வெளியிலேருந்து யாரோ ஒரு பேச்சாளர் வந்து ரெண்டு மணி நேரம் கனவு காணுங்க கனவு காணுங்கன்னு மைக்குல கத்திட்டு, பழைய மேகசின வெட்டி அட்டையில உங்க கனவ ஒட்டுங்கன்னுருக்காரு. மத்த பிள்ளைங்க காரு, பாரீஸ்னு ஒட்டியிருக்காங்க. நம்ம ஆளு சூப்பர்மார்க்கெட் விளம்பரத்துலேருந்து ஒரு ரைஸ் குக்கர வெட்டி ஒட்டிருக்கான். பேச்சாளர் "இன்னும் பெருசா யோசி"ன்னாராம். அட போய்யா!

நேரமும் சரியில்ல, வாரநாள்ல சாயங்காலம் நாலு மணின்னா ஐடிஇ பிள்ளைங்க எப்படி வருவாங்க. சனிக்கிழம இடம் கம்மி, முன்னாடியே சொல்லி வச்சிக்கணும்.

ஆனா பெரிய குறை வேற. பத்தாவது மாசம் அந்தப் பொண்ணு வேலைய விட்டுப் போயிருச்சு. போறது தப்பில்ல, யாரும் ஒரே வேலையில கடைசி வரைக்கும் இருக்க மாட்டாங்க. சொன்ன விதம் இருக்கு பாருங்க. வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆபீஸ் நம்பர்லேருந்து ஒரு வாட்ஸப், அடுத்த வாரத்துலேருந்து உங்க கோச் இன்னாருன்னு, அவ்வளவுதான். இவன் சின்ன வயசுலேருந்து எத்தன வொர்க்கர், எத்தன வீடு மாறி வந்திருக்கான், அத ஃபைல்ல எழுதி வச்சிருக்கவங்களே இப்படிப் பண்ணலாமா? மெசேஜப் படிச்சிட்டு ஒண்ணுமே சொல்லல. கணக்கு நோட்ட எடுத்துக் குப்பையில போட்டான். ஆறு வாரம் போகல. நான்தான் போன் பண்ணி சத்தம் போட்டேன் (ஆமா, மறுபடியும் நான்தான், இந்தத் தடவ யாரும் குறை சொல்லல). மேலதிகாரி மன்னிப்புக் கேட்டாங்க, அந்தப் பொண்ணையே வரவழைச்சு அதே காப்பிக்கடையில ஒருநாள் உக்காந்து பேச வச்சாங்க. அத முதல்லயே செஞ்சிருந்தா என்ன. நோட்ட நான் அன்னைக்கே எடுத்துத் தொடச்சு வச்சிருந்தேன், கேட்டப்ப குடுத்தேன்.

புது கோச் ஒரு சீனத் தம்பி. புரோட்டா கிரோட்டா எல்லாம் கிடையாது, நேரா வேலை. ஆனா தகவல் நிறைய வச்சிருக்காரு, ஐடிஇயோட வொர்க்-ஸ்டடி டிப்ளோமா பத்தி இவருதான் சொன்னாரு, கம்பெனியில சம்பளத்துக்கு வேலை பாத்துக்கிட்டே டிப்ளோமா முடிக்கலாம், பாதிக்கு மேல படிப்பு வேலை இடத்துலேயே. இவனுக்கு உக்காந்து படிக்கிறது ஆகாது, இது சரியா இருக்கும்னு எனக்கும் படுது. முதல்ல என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) முடியட்டும்.

கோச்சிங் 21 வயசோட நின்னுரும். இது எனக்குப் பத்தல. அக்கா மக டெக்சஸ்ல இருக்கா, அங்க 1999லயே இதுக்குன்னு சட்டம் வந்து, படிப்புக்கு வருஷத்துக்கு 5,000 டாலர் வரைக்கும் வவுச்சர் குடுக்கிறாங்களாம். இங்கிலாந்துல 25 வயசு வரைக்கும் கூடவே ஒரு அட்வைசர் உண்டு. என்எஸ்ல ரெண்டு வருஷம் போயிட்டு வெளிய வந்து நிக்கும்போதுதான் நம்ம பையன்களுக்கு ஆளு வேணும், அப்பப் பாத்து 21 ஆயிருது.

இன்னொண்ணு, கையில குடுக்கிற புத்தகம் எல்லாம் இங்கிலீஷு. எனக்குச் சமாளிச்சுக்கலாம், எங்க மாமியார்கிட்டதான் பாதி நேரம் அவன் இருக்கான், அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ரெண்டு பக்கம் தமிழ்ல போட்டா குறைஞ்சா போயிரும்?

போன மாசம் ஐடிஇ இன்டர்ன்ஷிப்புக்கு ஃபாரம் வந்துச்சு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவருங்கிற இடத்துல யாரு பேரு எழுதுறதுன்னு கோச்ச கேட்டிருக்கான். அவரு பதில் சொல்லாம "உங்க வீட்டுல கேளு"ன்னு அனுப்பிட்டாரு. நான் அடுப்புல குழம்பு வச்சிக்கிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னுக்கிட்டு "ஆன்ட்டி, உங்க நம்பர் எழுதலாமா, வேலை நேரத்துல எடுப்பீங்களா"ங்கிறான். எடுக்காம என்ன, எழுதுடான்னேன். உறவுங்கிற கட்டத்துல என்ன எழுதினான்னு நான் போயி பாக்கல.

மார்க்கு அஞ்சுக்கு மூன்றரை. அந்த மலாய்க்காரப் பொண்ணுக்கு மட்டும்னா அஞ்சு. வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீங்க, உட்லண்ட்ஸ் அண்ணன் மாதிரி ஆளுங்களப் பாக்கக் கூட்டிட்டுப் போறப்ப கட்டாயம் அனுப்புங்க. கோச் மாறினா முன்னாடியே நேர்ல சொல்லணும்னு முதல் நாளே பேசிக்கோங்க.