பழைய ரேஸ் காரை கராஜில் விடுமுன் ஒரு நிமிடம்

ஹட்டன், நுவரெலியா பக்கம் பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூன்று லட்சம் ரூபா கொடுத்தேன். அப்பா கட்டிய காரின் எஞ்சின் போய்விட்டது.

அப்பா தேயிலை பெக்டரியில் ஃபிட்டர். ஊருக்குப் போன துரை ஒருவர் விட்டுச்சென்ற, ஜே.ஏ.பி. என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து, கூப்பர் கார்களின் முறையில் ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றைக் கட்டினார். 1946இல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் கூப்பரும் மகன் ஜோனும் ஃபியட் டொபொலினோ என்ற சின்னக் கார்கள் இரண்டின் முன்பாகங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து, மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்து, செயின் போட்டுப் பின்சக்கரங்களைச் சுழற்றினார்கள். எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை நீண்ட ஷாஃப்ட் வேண்டாம், ஆள் தாழ்ந்து உட்காரலாம், பாரமும் குறைவு. 1934 முதல் மேடேறும் கார்ப் போட்டி நடக்கும் நுவரெலியா மஹகஸ்தொட்ட மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கார் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த எஞ்சின் மெதனோல் என்ற ஸ்பிரிட்டில் ஓடுவது. உள்ளே இழுத்த கலவையை ஏறக்குறைய 14இல் ஒரு பங்காக நெருக்கும். மெதனோல் ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர்விக்கும், அந்த நெருக்கத்தையும் தாங்கும். பெற்றோல் தாங்காது, தானாகவே வெடித்துப் பற்றும். பெற்றோலுக்கு மாற்றுவதென்றால் முதலில் சிலிண்டருக்கு அடியில் தகடு வைத்து நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். எண்ணெயும் சாதாரண எண்ணெய் அல்ல, சின்ன வயதில் நமக்குப் பேதிக்குக் கொடுத்த அதே ஆமணக்கெண்ணெய்.

இதையெல்லாம் கராஜ் பாஸிடம் சொன்னேன். “பயப்படாதீங்கண்ணே, இதுமாதிரி நிறையப் பார்த்திருக்கேன்” என்றார். நம்பினேன்.

ஐந்து மாதம் கழித்து கார் பளபளவென்று வந்தது. டாங்கி மூடியில் அப்பா கையால் ‘ஸ்பிரிட் மட்டும்’ என்று எழுதியிருந்தார். அதன்மேலேயே சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்போதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஸ்டார்ட் பண்ணி மேட்டில் ஏற்றினேன். சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம், அப்புறம் புகை.

கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் நடுவில் ரூபாக்காசு அளவு ஓட்டை, அதன் ஓரம் மெழுகு உருகினாற்போல வழிந்திருந்தது. காபரேட்டரில் எரிபொருள் வரும் துளையான ஜெட்டை, சின்னதாக மாட்டி பெற்றோல் ஊற்றியிருக்கிறார்கள், தகடு வைக்கவே இல்லை. எண்ணெய்க் குழாயில் பலாப்பால்போலப் பிசின். பழைய ஆமணக்கெண்ணெயைக் கழுவாமல் அதன்மேலேயே சாதாரண எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது.

கேட்டதற்கு, “பழைய சாமான் அப்படித்தான் போகும்” என்றார். பில்லில் ‘எஞ்சின் வேலை’ என்று ஒரே வரி. நீங்களாவது என்ன எண்ணெய், என்ன எரிபொருள், எந்த ஜெட் என்று எழுதி வாங்குங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.

சிலிண்டர் சுவர் தப்பிவிட்டது. ஜே.ஏ.பி.க்கான 80 மில்லிமீட்டர் பிஸ்டன் யாரிடமாவது, எந்தத் தோட்டத்து ஸ்டோரிலாவது கிடந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.