13 வாட் யூவிபி பல்பு: அடுத்தவர் ஆமைக்கு வாங்கலாமா?

பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த சிவப்புக்காது ஆமை வளர்ந்ததுதான், ஆனால் அதன் முதுகு ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா? வெயில் காணாமல், காய்ந்த இறாலே கதியென்று கிடந்ததன் விளைவு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரான யூவிபியைத் தரும் இந்தப் பல்பு, 5.0 வகை (யூவிபி அளவைக் குறிக்கும் எண்) என்றால், இதற்கு உதவும். கால்நடை மருத்துவர் தரும் கால்சியத்தோடு சேர்த்துத்தான்.

கண்ணாடி மூடிக்கு மேல் வைத்தால் காசு தண்டம், யூவிபி உள்ளே இறங்காது. ஆமை ஏறிக் காயும் கல்லுக்கு நேர் மேலே, 20 செ.மீ. உயரத்தில், தினம் 10 மணி நேரம் எரியட்டும். சூடு தராதது பெரிய குறை: கல் 32 டிகிரியைத் தொட 50 வாட் குண்டு பல்பு தனியாக வேண்டும்.

ஆறு மாதத்தில் யூவிபி தேய்ந்துவிடும், வெளிச்சம் மட்டும் ஏமாற்றும். மாட்டிய தேதியை ஹோல்டரில் ஒட்டிவிடுங்கள். பாதி நிழலோடு மொட்டைமாடிக் காலை வெயில் கிடைத்தால், இந்தச் செலவே வேண்டாம்.