வாளையார் தாண்டிப் போய் வந்தவர்களே, வாட்ஸ்அப்பில் வரும் செலானைத் திறக்காதீர்கள்

கோவை, பொள்ளாச்சி வண்டிகள் கேரள எல்லையிலுள்ள வாளையார், கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கும் குருவாயூருக்கும் போகாத நாளில்லை. 2023 ஜூனிலிருந்து கேரளத்தில் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடுகின்றன. அதனால் 'கேரளத்தில் உங்கள் வண்டிக்குச் செலான்' என்று செய்தி வந்தால் சட்டென்று நம்பிவிடுகிறோம். மோசடிக்காரர்களுக்கு அது போதும்.

வாட்ஸ்அப்பில் 'ஆர்.டி.ஓ. செலான்' என்று ஒரு ஃபைல் வரும். சில சமயம் வண்டி நம்பர்கூடச் சரியாக இருக்கும். ஃபைல் பெயர் ஏ.பி.கே. (.apk) என்று முடிந்தால் அது ரசீது அல்ல, ஆப். இன்ஸ்டால் செய்ததும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பேங்க் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போய்விடும். உங்கள் நம்பரிலிருந்தே சொந்தக்காரர்களுக்கும் அந்த ஃபைல் பரவும். ஆகவே மச்சான் அனுப்பினார் என்றாலும் தொடாதீர்கள்.

செலான் உண்மையா என்று பார்க்க, அரசின் பரிவாகன் இ-செலான் தளத்துக்கு நீங்களே போங்கள். முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிய வேண்டும். அது நடுவில் வந்து வேறு எதிலோ முடிந்தால் போலி. வண்டி நம்பரோடு சேசிஸ் அல்லது இன்ஜின் நம்பரின் கடைசி 5 இலக்கங்களைக் கேட்கும், ஆர்.சி. புக்கில் இருக்கும். செலான் இருந்தால் போட்டோவை நன்றாகப் பாருங்கள்: வண்டி உங்களுடையதா, நிறமும் மாடலும் சரியா, அந்த நேரத்தில் அங்கே போனீர்களா. இல்லையென்றால் பணம் கட்டாமல் அதே தளத்தில் புகார் கொடுங்கள். அங்கே கட்ட முடியாமல் செலான் கோர்ட்டுக்குப் போயிருந்தால், விர்ச்சுவல் கோர்ட் (ஆன்லைன் நீதிமன்றம்) தளத்தில் கேரளத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அங்கே கேரளப் போலீஸ், போக்குவரத்துத் துறை இரண்டும் தனித்தனியாக இருக்கும், இரண்டிலும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்கள் ஆர்.சி.யில் தங்கள் மொபைல் நம்பரை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அசல் செய்தி முந்தைய ஓனருக்குப் போகும்.

'பாதிப் பணத்தில் முடித்துத் தருகிறேன்' என்னும் ஏஜென்டிடம் காசு கொடுப்பதும் வீண். ஹெல்மெட், சீட் பெல்ட்டுக்குக் கேரளத்தில் அபராதமே 500 ரூபாய்தான். அவர் தரும் துண்டுச்சீட்டால் செலான் மூடாது. ஆன்லைனில் நிலுவை அப்படியே நிற்கும், வண்டியை விற்கும்போது இடிக்கும்.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டால் முதலில் நெட்டையும் வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து பேங்கைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்குங்கள், உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். பாஸ்வேர்டுகளையும் அந்த வேறு போனிலேயே மாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டும், செய்தியை அழிக்காதீர்கள். புகார் பதிவான பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.