அழுக்கணவனா, கணவாயா: கூர்ப்பு வகுப்புக்கு எது தோது?

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் வகுப்பு எடுக்கிறேன். விருந்துவழங்கியும் அதற்குள் குடியிருக்கும் நுண்ணங்கிகளும் ஒன்றின் கூர்ப்பை (பரிணாமத்தை) மற்றது எப்படித் திருப்புகிறது என்று காட்ட ஓர் உதாரணத்துக்குத்தான் நேரம் கிடைக்கும். இந்த முறை ஹவாய் பொப்டெயில் கணவாயை விட்டுவிட்டு அழுக்கணவனை எடுத்தேன். பயற்றங்காய்க் கொடியின் குருத்தில் கறுப்பாக அப்பிக்கிடக்குமே, அந்த அசுவினிதான்.

கவர்ச்சி என்று பார்த்தால் கணவாய்தான். இரவில் அடிவயிற்றில் ஒளி விட்டு, கீழேயிருந்து பார்க்கும் எதிரிக்குத் தன் நிழல் தெரியாமல் செய்துவிடும். ஒளி தருவது விப்ரியோ பிஷெரி என்ற பற்றீரியா. குஞ்சு பொரிக்கும்போது அது உடலில் இருக்காது. கடல்நீரிலிருந்து சில மணி நேரத்தில் வந்து சேரும். அப்புறம் விடியும்தோறும் பெரும்பகுதியைக் கணவாய் வெளியே தள்ளிவிடும். பற்றீரியா இல்லாமல் குஞ்சை வளர்த்து, பிறகு சேர்த்துப் பார்க்கலாம் என்பதால் பரிசோதனைக்கு அருமையான பிராணி. (நான் கணவாயைக் கறிச்சட்டியில் கண்டதோடு சரி, இதெல்லாம் வாசித்ததுதான்.)

என்னை அழுக்கணவன் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: பற்றீரியா அடுத்த தலைமுறைக்கு எந்த வழியாகப் போகிறது? கணவாயின் பற்றீரியாவுக்குக் கடலிலும் பிழைப்பு உண்டு. அழுக்கணவனுக்குள் இருக்கும் புக்னேரா என்ற பற்றீரியாவுக்கு வேறு போக்கிடம் கிடையாது. தாயின் வயிற்றிலேயே கருவுக்குள் போய்விடும். 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இதே வழிதான். அதனால் பூச்சியின் வம்சவரைபடமும் பற்றீரியாவின் வம்சவரைபடமும் பெரும்பாலும் கிளைக்குக் கிளை பொருந்துகின்றன. செடிச்சாற்றில் சீனி தாராளம், அத்தியாவசிய அமினோவமிலங்கள் குறைவு. அந்தக் குறையைப் புக்னேரா தீர்க்கிறது. பதிலுக்குப் பூச்சி தனிக் கலங்களையே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. சொகுசுக்கு விலையும் உண்டு. 2000இல் வெளியான மரபணுத்தொகுதியின்படி புக்னேராவிடம் மிஞ்சியிருப்பது சுமார் 6.4 இலட்சம் டீஎன்ஏ எழுத்துகள். அதன் உறவுக்காரனான, குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவிடம் 46 இலட்சம்.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தது வெப்பத்தைப் பற்றிச் சொன்னபோதுதான். 2007இல் வெளியான ஆய்வொன்றில், புக்னேராவில் ஒரேயொரு எழுத்து விடுபட்டதால், சூடு தாங்க உதவும் புரதம் வேண்டிய நேரத்தில் போதிய அளவு உருவாகவில்லை. இந்த விகாரமுள்ள புக்னேராவைச் சுமந்து, குஞ்சுப் பருவத்தில் கொஞ்ச நேரம் வெக்கை பட்ட பூச்சி, பிறகு குட்டியே போடவில்லை, அல்லது மிகக் குறைவாகப் போட்டது. ஆனால் குளிரில் அதே விகாரம் உள்ளவைதான் முந்திக்கொண்டு பெருகின. பூச்சியின் சொந்த மரபணுவில் தேடினால் இதற்குக் காரணம் அகப்படாது.

“அப்போ கொழும்பு வெயிலில்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஆய்வு நடந்தது பட்டாணி அழுக்கணவனில். அதை நம்மூர் இனத்துக்கு அப்படியே பொருத்த நான் துணியமாட்டேன்.

மனிதக் குடலை ஏன் எடுக்கவில்லை என்றால், அங்கே தாய், வீடு, சாப்பாடு என்று எல்லாப் பக்கத்தாலும் பற்றீரியா வருகிறது; யார் யாரை மாற்றினார் என்று பிரித்துக்காட்ட ஒரு பாடவேளை போதாது. அழுக்கணவனுக்கோ மொட்டைமாடியில் ஒரு பயற்றங்கொடி போதும். மருந்தடிக்காமல் விட்டால் தானாக வந்து சேரும். கைவில்லையைப் பிடித்தால் குட்டி போடுவதையே காட்டலாம்.