பி.காம். முடித்தவர் மருத்துவராகவும் ஆய்வாளராகவும் ஆக: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவை எடுப்பதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அப்படிப் பி.காம். படிப்பையோ, பொருளாதாரம், வரலாறு போன்ற கலைப் பாடத்தையோ முடித்தவர், நோயாளியையும் பார்க்க வேண்டும், ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று விரும்பினால் அவர்முன் மூன்று வழிகள் உள்ளன: அமெரிக்காவின் இணைந்த எம்.டி.–பிஎச்.டி. படிப்பு, இந்தியாவில் நீட் எழுதி மருத்துவம் முடித்தபின் ஆராய்ச்சிக்குச் செல்வது, மருத்துவப் பட்டத்தை விட்டுவிட்டு மக்கள் நலவாழ்வுத் துறையில் நேரே முனைவர் பட்டம் பெறுவது. இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கல்லூரியில் எடுத்த பாடத்தைவிடக் கடவுச்சீட்டும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலுமே அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு.

அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரான முதல் மருத்துவப் பட்டம். அதில் சேர ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும். அது அறிவியலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஆய்வகப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும். உயிர்வேதியியலையும் பல கல்லூரிகள் கேட்கின்றன. பட்டத்திற்குப் பின் ஓரிரு ஆண்டு செலவிட்டு இவற்றை மட்டும் படிப்பதற்கென்றே அங்கே தனிப் படிப்புகள் உண்டு. எம்கேட் நுழைவுத் தேர்வின் நான்கு பகுதிகளுள் ஒன்று வாசித்து ஆராயும் திறனைச் சோதிப்பது, மற்றொன்று உளவியலும் சமூகவியலும் கலந்தது. இந்த இரண்டிலும் கலைப் பட்டதாரி பின்தங்க வேண்டியதில்லை.

இணைந்த படிப்பின் பெருங்கவர்ச்சி பணம்தான். அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 1964 முதல் நடத்திவரும் பயிற்சித் திட்டத்தின் ஆதரவு பெற்ற கல்லூரிகளில், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. மேற்கொண்டு உதவித்தொகையும் கிடைக்கும். வட்டிக் கணக்குப் பார்த்தே பழகிய நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆயினும் உதவித்தொகை சம்பளம் ஆகாது. எட்டு ஆண்டுக்குப் பிறகும் சில ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி காத்திருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்த அரசுப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருக்கும் மட்டுமே உரியது. சொந்த நிதியிலிருந்து வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்லூரிகள் குறைவு. பல கல்லூரிகள் மேலே சொன்ன அறிவியல் முன்பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்திருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. ஆக, ஐயாவும் ஆயாவும் தேவகோட்டையில் இருக்க, நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு இதுவே முதல் வழி. இந்தியக் கடவுச்சீட்டோடு காரைக்குடியில் படித்து முடித்தவருக்கோ, கைப்பணத்தைப் போட்டு முன்பாடம் படித்து, கிடைக்குமா என்று தெரியாத இடத்திற்குக் காத்திருக்கும் வழி.

தகுதி இருப்பவர்களும் மதிப்பெண்ணைப் பற்றியே கவலைப்பட்டு, ஆராய்ச்சி அனுபவத்தைக் கோட்டைவிடுகிறார்கள். விண்ணப்பத்தில் வழக்கமான கட்டுரையோடு இன்னும் இரண்டு எழுத வேண்டும்: இரு பட்டங்களும் ஏன் என்பதற்கு 3,000 எழுத்துக்குறிகள், செய்த ஆராய்ச்சியைப் பற்றி 10,000 எழுத்துக்குறிகள் வரை. கோடை விடுமுறையில் ஆய்வகத்தை எட்டிப் பார்த்தவரால் இரண்டாவதை நிரப்ப முடியாது. தம் கேள்வி என்ன, ஏன் அந்த முறை, எங்கே தடுக்கியது என்று எழுதும் அளவுக்கு நீண்ட நாள் உழைப்பு வேண்டும். அந்த ஆராய்ச்சி நுண்ணோக்கியின் கீழ்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மானுடவியல் படித்த பால் ஃபார்மர், 1990-இல் ஹார்வர்டில் எம்.டி.யோடு மானுடவியலில் பிஎச்.டி.யும் பெற்றார். சமூக அறிவியலில் முனைவர் பட்டத்தை அனுமதிக்கும் இத்தகைய பிரிவுகள் சிலவே. அங்கும் முன்பாடங்களுக்கு விலக்கு இல்லை. என்றாலும், மருத்துவச் செலவால் கடனாளியாகும் குடும்பங்களை ஆராய்ந்த பொருளாதார மாணவர், உயிரியல் ஆர்வத்தைச் செயற்கையாகக் காட்டுவதைவிட இங்கே விண்ணப்பிப்பதே நேர்மையானது, வலுவானதும்கூட.

இந்திய வழியில் தடை பட்டத்தில் இல்லை, பிளஸ் டூவில் இருக்கிறது. நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிர்த்தொழில்நுட்பம் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இவற்றைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் தகுதியுடையவரே என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் அறிவித்தது. உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக வழி எளிது என்று கருதிவிடக் கூடாது: 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு, போட்டியிடுவோர் பல ஆண்டுகளாக அதையே படித்துவரும் மாணவர்கள். தேறினால் நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், பிறகு இங்கே மேற்படிப்பான எம்.டி. மூன்று ஆண்டு, பிஎச்.டி. அதற்கும் மேல். இரண்டையும் இணைத்துத் தரும் நிறுவனங்கள் இந்தியாவில் மிகக் குறைவு என்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். சிவகங்கையைப் போன்ற அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு என்பதே இதன் பெரும் சாதகம்.

மூன்றாவது வழியை நம் வீடுகளில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை, ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்டாலும் ஊசி போட முடியாதே என்பதால். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையத்தில் மருத்துவரும் சமூக அறிவியலாரும் சேர்ந்தே ஆராய்கிறார்கள்; மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்திலும் நலவாழ்வுத் துறைப் படிப்புகள் உண்டு. முதுநிலையும் பிஎச்.டி.யும் சேர்த்து ஆறேழு ஆண்டில் முடிந்துவிடும், அடிப்படை அறிவியலை முதலிலிருந்து படிக்கவும் வேண்டாம். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை உள்ளபடியே இருக்கிறவருக்கு இது மாற்றாகாது. ஆராய்ச்சிதான் வேண்டும், மருத்துவப் பட்டம் மதிப்புக்காக மட்டுமே என்றால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ள பி.காம். பட்டதாரிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.