டைட்டிலுக்காகவே வாங்கிய புளூரே

குறும்படங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் டைட்டில் செய்து கொடுப்பது என் பிழைப்பு. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964) படத்தின் புளூரேவை (கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது) நான் வாங்கியதும் அதன் டைட்டிலுக்காகத்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. புளூரே வட்டுகளை உலகப் பகுதிவாரியாக 'ரீஜன்' என்று பிரித்துப் பூட்டி வைப்பதுண்டு; வேறு ரீஜன் பிளேயரில் ஓடாது. இது அமெரிக்க வட்டு, ரீஜன் ஏ. நம் ஊர் ரீஜன் சி. எல்லா ரீஜனும் ஓடும் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த பிளேயரில் வட்டைப் போட்டால் திரையில் பிழைச்செய்திதான் வந்தது. அதை மாற்றி வாங்க இரண்டு வாரம் அலைந்தேன்.

சரி, வட்டுக்கு வருகிறேன். டைட்டில் காட்சியில், நடுவானில் ஒரு டேங்கர் விமானம் பி-52 என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு எரிபொருள் ஊட்டுகிறது, பின்னணியில் தாலாட்டு மாதிரி ஓர் இசை. அதன்மேல் டைட்டில் வடிவமைப்பாளர் பாப்லோ ஃபெர்ரோ கையால் வரைந்த எழுத்துகள் திரையை அடைத்துக்கொண்டு வருகின்றன. ஒரு சொல் ஆளுயரம், பக்கத்துச் சொல் சுண்டுவிரல் அளவு. கோடு அவ்வளவு மெல்லியது என்பதால் எழுத்தும் தெரிகிறது, அதன் ஊடே விமானமும் தெரிகிறது. குப்ரிக் கேட்டது இதைத்தான். என் பழைய டிவிடியில் இந்தக் கோடுகள் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தன. இதில் படத்தை நிறுத்திப் பார்த்தால், கை லேசாக நடுங்கிய இடம்கூடத் தெரிகிறது. மூலக்கதையான பீட்டர் ஜார்ஜின் நாவலைச் சொல்லும் வரியில் 'பேஸ்டு ஆன்' என்று இருக்க வேண்டியது 'பேஸ் ஆன்' என்று நிற்கிறது. ஓர் எழுத்து விடுபட்டு, அறுபது வருஷமாக அப்படியே இருக்கிறது! அதைப் பார்த்தபோது எனக்கு ஃபெர்ரோமேல் பிரியம் இன்னும் கூடிவிட்டது.

டிரெய்லரும் வட்டில் இருக்கிறது, அதுவும் ஃபெர்ரோ வேலைதான். ஒரு சொல், ஒரு துண்டுக் காட்சி, அடுத்த சொல் என்று படபடவெனப் போகும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். சில துண்டுகள் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, ஆனாலும் அந்தச் சொற்கள் சேர்ந்து கேட்கும் கேள்வி முழுசாக மனதில் பதிகிறது. டிரெய்லர் கட் பண்ணுகிறவர்கள் இதை ஒரு தடவையாவது இப்படிப் பார்க்க வேண்டும்.

ஃபெர்ரோ 1935இல் கியூபாவில் பிறந்தவர். அனிமேஷனைப் புத்தகம் பார்த்துத் தானாகவே கற்றவர், நியூயார்க்கில் விளம்பரப் படங்கள் செய்துகொண்டிருந்தவர். 1968இல் 'தாமஸ் கிரவுன் அஃபேர்' படத்தில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்ததும் இவர்தான். 'மென் இன் பிளாக்' (1997) டைட்டிலைப் பாருங்கள், அதே ஒல்லி எழுத்துகள். 2018இல் மறைந்தார்.

குறை என்றால், ஆங்கில சப்டைட்டில் மட்டும்தான். படத்தின் வேகமான பேச்சுக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது. டைட்டிலுக்கு அது தேவைப்படவில்லை. "கோலம் போட்ட மாதிரி இருக்குடா" என்றார்.