பர்மாத் தேக்கு வீட்டிலிருந்து டாப்சிலிப் தேக்குக் காட்டுக்கு

காரைக்குடியில் உள்ள ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலமாகச் சென்ற ஆவணியில் அப்பச்சியையும் ஆத்தாவையும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருக்கும் டாப்சிலிப்புக்கு அழைத்துச் சென்றேன். வண்டி, அறை, சாப்பாடு, வனத்துறை அனுமதி அனைத்தும் அவர்கள் பொறுப்பு. வயதானவர்களோடு காட்டுக்குச் செல்ல நினைக்கும் நம் பக்கத்தவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது காலை நடையில்தான். எங்களோடு வந்த வழிகாட்டி மலசர் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்பச்சியின் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, கை காட்டி நிறுத்தும்போதெல்லாம் ஏதோ ஒன்றைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக நின்ற காட்டுமாடுகளையும், கிளையோடு கிளையாக வால் தொங்க அமர்ந்து காயைக் கொறித்துக்கொண்டிருந்த மலையணிலையும் அப்படித்தான் பார்த்தோம். ஓரிடத்தில் தேக்கின் இளந்தளிரைக் கிள்ளி அப்பச்சியின் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். கை மருதாணி இட்டதுபோல் சிவந்துவிட்டது. பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் வளவில் பிறந்து வளர்ந்த அப்பச்சி, எழுபது வயதில் முதன்முறையாகத் தேக்கிலையின் சாயத்தைப் பார்த்து, அந்தக் கையை நெடுநேரம் கழுவாமலே வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இங்கே வெட்டிய மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்டதால்தான் டாப்சிலிப் என்ற பெயர் வந்தது. அவ்வாறு வெட்டித் தீர்த்த மலையில் தேக்கை மீண்டும் வளரச் செய்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. 1933இல் இறந்த அவருடைய கல்லறை, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. கைத்தடியால் குழி குத்தி, சட்டைப் பையிலிருந்து விதை எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பாராம். எங்கள் பயணத் திட்டத்தில் அந்தக் கல்லறைக்குப் பத்து நிமிடம் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள் என்பது வருத்தமாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அட்டை இருக்கும் என்று ஏற்பாட்டாளர் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. செருப்போடு வந்த ஆத்தாவின் காலில் மூன்று அட்டைகள் ஏறிவிட்டன. சேத்துமடைச் சோதனைச் சாவடி வரைக்கும் வண்டியில் சத்தமாகப் பாட்டு ஓடியது. மறுநாள் மாலை நடையைத் தாமதத்தைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள், அதற்குரிய பணமும் திரும்பி வரவில்லை. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. கோழிகமுத்தி யானை முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பசிக்குச் சுடச்சுட ரசம் இருந்தது.

மலையையும் வழிகாட்டியையும் நினைத்தால் மறுபடியும் போவேன். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன்பு, எத்தனை நடை, ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் என்பதை எழுதி வாங்கிக்கொள்வேன்; ஆத்தாவுக்கு முழங்கால் வரை உயரமான கெட்டியான காலுறையும் எடுத்துச் செல்வேன்.